அத்தை தின்ற மொட்டைமாடி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண்ணைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது, போர்வையின் மேல் விழுந்து கிடந்த வெள்ளைப் பொடியை. அடுத்துப் பார்த்தது, தலைக்கு மேலிருந்து அதே பொடி இன்னும் உதிர்வதை. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு சிட்டிகை. சத்தம் அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது. மொட்டைமாடியில் யாரோ உளிமேல் சுத்தியல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம். எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி. சிமெண்ட் மூட்டைக்கு சர்க்கார் பெர்மிட் வாங்கிய காலம் என்றால் என் வயதுக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். புனேயை ஒட்டிய சிஞ்ச்வட் ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடையில் எங்கள் வீடு. மூன்று அறைகள், மேலே மொட்டைமாடி, ஒரு பக்கமாக வெளிப்படி. அப்பா தினமும் லோக்கல் ரயிலில் கிர்க்கிக்குப் போய், துப்பாக்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலையின் டூல்ரூமில் வேலை பார்த்தார். தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்தை அளக்கிற கருவி அவர் கையில் இருந்தது. அப்படிப்பட்டவர் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு முதல் மழைக்கே ஒழுகியது.

மூன்று இடங்களில் ஒழுகும். சமையலறையில் ஒன்று, முன்னறையில் ஒன்று, என் கட்டிலுக்கு நேர் மேலே ஒன்று. என்னுடையதுதான் பெரியது. அதற்கு டால்டா டின். மற்ற இரண்டுக்கும் ஒரு பித்தளைப் போகிணியும் கைப்பிடி போன அலுமினியத் தூக்கும். டின்னில் விழும் சொட்டுக்கு அடித்தொண்டைச் சத்தம், போகிணிக்குக் கணீர். எந்தப் பாத்திரம் நிரம்பிவிட்டது என்று சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவாள்.

மழை வந்தால் எனக்கு மூச்சு இழுக்கும். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடி தூங்குவேன். அந்த வருஷம் பிப்ரவரியில் டாக்டர் தீர்த்துச் சொன்னார்: இந்த ஈர அறையில் இன்னொரு மழைக்காலம் பிள்ளை தாங்காது, ஒன்று கூரையைச் சரிபண்ணுங்கள், இல்லையென்றால் பிள்ளையை ஊருக்கு அனுப்புங்கள். ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கம் பெரியப்பா வீடு. வீடு திரும்பியதும் அம்மா என் தலையைப் பின்னினாள். பின்னியதை அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள்.

எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, அப்போது இருபத்தாறு வயது. மாமா ராணுவத்தில் அஸ்ஸாம் பக்கம் இருந்தார். குடும்பம் கூட்டிப்போக முடியாத இடம். வருஷத்துக்கு ஒரு முறை, பிப்ரவரி கடைசி வாக்கில், லீவில் வருவார். மற்ற மாதங்களில் நீல நிற இன்லண்ட் கடிதங்கள் வரும். அத்தை அவற்றைத் தையல் மிஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அத்தைக்கு இரண்டு முறை கர்ப்பம் தங்கிக் கலைந்திருந்தது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் அத்தை இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் மெலிந்து திரும்பினாள் என்பதுதான். இரண்டாவது முறை எங்கள் வீட்டில் இருந்தபோது நடந்தது. அதே வாரம் அப்பா சமையலறைச் சுவரை இடித்து ஓட்டை போட்டு, ஒரு புதுக் குழாய் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டை இடிக்க மாட்டார்கள். சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். தங்கை அப்படி இருக்கிறாள் என்று தெரியாமல்தான் அப்பா உளி எடுத்தார். தெரிந்த பிறகு அந்தக் குழாயில் அவர் கை கழுவியதில்லை. வாளியில் மொண்டுதான் கழுவுவார்.

கூரை வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். மிஸ்திரியும் அவர் மனைவியும். ரயில் பாதை ஓரம் குடிசை போட்டிருந்த மராட்டிக்காரர்கள். அப்பாவை மிஸ்திரி 'அண்ணா' என்பார். அந்த ஊரில் தென்னாட்டு ஆண்கள் எல்லாரும் அண்ணாதான். அம்மாவை 'வைனி' என்பார், மராட்டியில் அண்ணி. அத்தை அம்மாவைக் கூப்பிடும் 'மைனி'யும் அதுவும் ஒரே நேரத்தில் ஒலித்தால், அம்மா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பாள்.

பழைய கோபாவைப் பெயர்ப்பது முதல் வேலை. கோபா என்பது புனேக்காரர்கள் தளத்தின் மேல் போடும் கெட்டி மூடாக்கு. உடைத்த செங்கல் துண்டுகளைச் சரிவு பார்த்து அடுக்கி, கலவையால் நிரப்பி, மேலே சிமெண்ட் பூசி, ஈரமாக இருக்கும்போதே நூலை அழுத்திக் கட்டம் போடுவார்கள். தூரத்துப் பார்வைக்கு ஓடு பதித்தது போல இருக்கும். எங்களுடையதில் கட்டங்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. மிஸ்திரி முதல் பாளத்தைப் பெயர்த்ததும் அதை அப்பாவிடம் நீட்டி, "இதுக்குள்ள சிமெண்ட் எங்க இருக்குன்னு நீங்களே தேடுங்க அண்ணா" என்றார்.

மூன்றாம் நாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மிஸ்திரியும் மனைவியும் கீழே நிழலில் பாக்ரி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மாடிக்குப் போகத் தடை. ஆகையால் போனேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அத்தை குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு லோட்டா தண்ணீர். பழைய கோபாவிலிருந்து ஒரு செங்கல் சில்லைப் பொறுக்கி, தண்ணீரில் கழுவி, ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி, வாயில் போட்டாள். நறுக்கென்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவள் எதையும் அவ்வளவு ருசித்துத் தின்று நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டில் கோலம் போடுகிற ஆள்.

என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டாள். அதில் ஒரு கைப்பிடி சில்லு முடிந்திருந்தது.

"உனக்கு வேணுமாட்டி?"

நானும் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வாசனை இருந்தது, ருசி இல்லை. புழுதியில் முதல் மழை விழும்போது வருகிற அதே வாசனை.

"அம்மாட்ட சொல்லாத, என்ன?"

சரி என்றேன். அந்த வாக்கை நான் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

ஏழு மணி, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா என் முட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்துவிட்டார்.

"மேல போகக் கூடாதுன்னு சொன்னேம்லா?"

"அத்தையும் இருந்தாங்கப்பா."

"அவளுக்கு அங்கன என்ன சோலி?"

"செங்கல் திங்குதாங்க. கழுவித்தான் திங்குதாங்க."

அத்தைக்காக வாதாடுகிறேன் என்று நினைத்துத்தான் கழுவியதைச் சேர்த்துச் சொன்னேன். அப்பா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் செய்திக்கு ஒரே அர்த்தம்தான். மசக்கைக்காரி சாம்பல் தின்பாள், மண் தின்பாள், செங்கல் தின்பாள்.

"எத்தனை மாசம்?"

அத்தை தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "மூணு முடியுது."

"அவருக்குத் தெரியுமா?"

"எழுதிட்டேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய நிப்பாட்டிருவிய."

"நிப்பாட்டத்தான் செய்வேன்."

"பிறகு இவள ஊருக்கு அனுப்பிருவிய. உங்க மகளப் பாக்காம எனக்கு இருக்க முடியாதுண்ணே. மைனிக்கும் முடியாது."

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "ஏளா, ஒரே வீட்டுலதான இருக்க. நீ கவனிக்கலயா?"

அம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. "கவனிச்சேன்" என்றாள்.

"எப்போ?"

"மிஸ்திரி வாரதுக்கு முந்தியே."

"தெரிஞ்சிட்டே இடிக்க விட்டியா?"

"விட்டேன்."

அப்பா தட்டிலேயே கை கழுவி எழுந்தார். அதன் பிறகு அவர் அம்மாவிடம் பேசவில்லை. பேச வேண்டியதை என்னிடம் கொடுத்து அனுப்பினார். 'உங்கம்மாட்ட சட்டை எங்கன்னு கேளு.' அம்மா இரண்டடி தூரத்தில்தான் நிற்பாள். நான் கேள்வியைத் திருப்பிச் சொல்வேன், பதிலையும் திருப்பிச் சொல்வேன். பிற்காலத்தில் செய்தியாளராகச் சம்பளம் வாங்கிய வேலையை நான் அங்கேதான் தொடங்கினேன்.

மறுநாள் காலையில் அப்பா மிஸ்திரியை நிறுத்தினார். காரணம் சொல்லவில்லை. தளம் முழுக்கப் பெயர்த்தாகிவிட்டது, எலும்பு மாதிரி வெறும் கான்கிரீட் நிற்கிறது, இன்னும் பதினைந்து நாளில் மழை என்றார் மிஸ்திரி. நவம்பருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் அப்பா. மிஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவிதான் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரிடம் மராட்டியில் மெதுவாகச் சொன்னார். அந்த வீட்டுத் தங்கைக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பொருள். வந்த முதல் நாளே அவர் கண்டுபிடித்திருந்தார். நான்கு பிள்ளை பெற்றவர்.

பருவமழைக்கு முந்திய இடிமழை ஐந்தாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தது. மூன்று இடத்தில் ஒழுகிய வீடு அன்று எல்லா இடத்திலும் ஒழுகியது. வைக்கப் பாத்திரம் போதவில்லை. முன்னறையில் பெர்மிட் சிமெண்ட் எட்டு மூட்டை இருந்தது. நனைந்தால் கல்லாகிவிடும். அம்மா தனியாக ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். அத்தை இன்னொரு காதைப் பிடிக்க வந்தாள்.

"கைய எடு" என்றாள் அம்மா.

"ஒரு ஓரந்தான மைனி."

"எடுன்னு சொல்லுதேன்லா. கட்டில்ல ஏறி உக்காரு."

அத்தையும் நானும் கட்டிலில் ஒரு குடைக்குள் உட்கார்ந்திருந்தோம், வீட்டுக்குள். அத்தைக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முறைத்ததும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சமயத்தில் மேலே கால் சத்தம். மிஸ்திரியும் மனைவியும் மழையோடு வந்து, ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைத் தளத்தில் விரித்து, ஓரங்களில் கல் வைத்தார்கள். கல்லைப் போடவில்லை, ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்கள். ஒரு தட்டல்கூடக் கேட்கவில்லை. சிமெண்ட் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த விரிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நானும் கூடப் போனேன். ரயில் பாதை ஓரத்தில் அவர்கள் குடிசையின் மேலே மூங்கில் மட்டும் இருந்தது. அடுப்பு, பாய், பிள்ளைகளின் துணி எல்லாம் வெளியே காய்ந்துகொண்டிருந்தன. அப்பா கொஞ்ச நேரம் மடித்த விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

மிஸ்திரியின் மனைவி அந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தார். "இடிக்கிறது முடிஞ்சுபோச்சு அண்ணா. இனிமே கட்டறது. கட்டறதுல என்ன குத்தம்?"

"செங்கல் உடைக்கணுமே."

"இங்க உடைச்சுத் தலையில கொண்டுவரேன். உங்க வீட்டுல ஒரு அடி விழாது."

அப்பா யோசித்தார். "பூச்சுக் கரண்டி இரும்புல்லா?"

"அது அடிக்காது, தடவும்" என்றார் மிஸ்திரி.

அப்படித்தான் எங்கள் கோபா போடப்பட்டது. அந்த அம்மாள் தன் குடிசை வாசலில் செங்கல்லை உடைத்து, இரும்புச் சட்டியில் சுமந்து ஐந்து நிமிடம் நடந்து வந்தார். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று நான் எண்ணப் பார்த்து, இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். துண்டுகளைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிற இடத்தில், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி உட்கார வைத்தார். நூல் பிடித்துக் கட்டம் போடும்போது ஒரு முனையை அத்தை பிடித்துக்கொண்டாள். அதற்கு அப்பா ஆட்சேபம் சொல்லவில்லை.

இதற்கிடையில் அம்மா அத்தையை லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் அத்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, உள்ளே சிவப்பே இல்லை என்றார். செங்கல் தின்னும் ஆசை ரத்தக் குறைவால் வருவது, இதற்கு முன்பு யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா காலையிலேயே கறிக்கடைக்குப் போய் ஆட்டு ஈரலும், சுவரொட்டி என்கிற மண்ணீரலும் வாங்கி வருவார். அத்தைக்குச் சுவரொட்டி பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். "செங்கலே தேவல" என்பாள்.

ஜூன் முதல் வாரம் நீர் நிறுத்தும் சோதனை. தண்ணீர் போகும் துளைகளைக் கந்தல் சுற்றிய களிமண்ணால் அடைத்து, மாடி முழுக்க நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி ஏழு நாள் விட வேண்டும். கீழே ஒரு சொட்டு வந்தாலும் வேலை மிஸ்திரியின் பொறுப்பு. முனிசிபல் குழாயில் காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். வெளிப்படியில் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றினார்கள். அப்பாவுக்கு அடுத்த படியில் அம்மா. வாளி மாறியது, பேச்சு மாறவில்லை.

அப்பா தினமும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து நீர்மட்டத்தை அளந்தார். குறைந்ததை வெயில் குடித்ததா தளம் குடித்ததா என்று தெரிய வேண்டாமா? பக்கத்தில் ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்து அதையும் அளந்தார். இரண்டும் ஒரே அளவில் குறைந்தன. எட்டாம் நாள் களிமண்ணைப் பிடுங்கியதும், தண்ணீர் சந்தில் கொட்டி, பக்கத்து வீட்டு ஆட்டை நனைத்தது. மூன்று நாள் கழித்து நிஜ மழை வந்தது. வீட்டுக்குள் சத்தமே இல்லை. பாத்திரங்கள் அலமாரியில் இருந்தன.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அத்தை குளியலறையிலிருந்து "மைனி" என்று கூப்பிட்டாள். எப்போதும் கூப்பிடுகிற குரல்தான். உள்ளே போன அம்மா வெளியே வரும்போது வேறு முகத்தோடு வந்தாள். ரத்தம் பட்டிருந்தது. ஆட்டோ பிடித்து ராணுவ மருத்துவமனைக்குப் போனார்கள். அத்தையை அங்கே படுக்க வைத்தார்கள். சாயங்காலம் அம்மா மட்டும் திரும்பி வந்து, என் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த தளம், காய்ந்திருந்தது. அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

அப்பா வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரி போய்விட்டு வந்தார். வாசற்படியில் நின்றார்.

"சாப்ட்டியா?"

என்னிடம் கேட்கிறார் என்று நினைத்து, சாப்பிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அம்மா சொன்னாள்: "நான்தான் இடிக்க விட்டேன். என் பிள்ளைக்காகத்தான். தெரிஞ்சேதான் விட்டேன்."

"தளத்துக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல."

"நீங்கதான சொல்லுவிய."

"சும்மா சொன்னேன். அந்தக் குழாய்க்கும் ஒண்ணுமில்ல."

அவர் சமையலறைக்குப் போனார். சுவர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. கை கழுவிவிட்டு, ஒரு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றிக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். தான் நம்பியதை அவர் அன்று விட்டுவிட்டாரா, அம்மாவுக்காகப் பொய் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் பல வருஷம் இருந்தார், நானும் கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து அத்தை வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் குழந்தை இருந்தது. அம்மா அவளைக் கட்டிலோடு கட்டிப் போடாத குறை.

"கால கீழ வச்சா ஒடிச்சிருவேன்."

"பாத்ரூமுக்கு மைனி?"

"அதுக்கு மட்டும்."

அந்த மழைக்காலத்திலும் எனக்கு இழுத்தது. காய்ந்த அறையில், ஒழுகாத தளத்துக்குக் கீழே, முந்திய வருஷத்துக்குக் குறையாமல் இழுத்தது. பதினைந்து வருஷம் கழித்து வேறொரு டாக்டர், நான் சின்ன வயதிலிருந்து எதில் தலை வைத்துப் படுத்தேன் என்று கேட்டார். இலவம்பஞ்சுத் தலையணை என்றேன். அதுதான் என்றார். ஊருக்கு அனுப்பியிருந்தால் அந்தத் தலையணையும் கூட வந்திருக்கும்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு கிராம். அப்பா மாமாவுக்குத் தந்தி கொடுக்கப் போனார். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி வராந்தாவுக்குக் கொண்டுவந்து, யார் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். அம்மா வெறும் தரையில் உட்கார்ந்து மடியை விரித்தாள். பால் கொடுக்க வேண்டும், தாயிடம் கொண்டுபோகிறேன் என்று நர்ஸ் இரண்டு முறை வந்து கேட்டார். மூன்றாவது முறை வந்தபோது அம்மா குழந்தையைக் கொடுத்தாள்.